வேண்டாம் என்று சொன்ன ஒரு வாரம்

என் பிரியமுள்ள அத்தானுக்கு,

நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகப்போகிறது. டாக்குரியா வீட்டில் கரண்ட் இன்னும் தன் இஷ்டத்துக்குத்தான் போகிறது, வருகிறது. அக்கா ஆபீஸிலிருந்து வந்ததும் உட்காருவதே இல்லை. அவளே சமைக்கிறாள், அவளே துவைக்கிறாள். என்னை ஒரு பாத்திரத்தைத் தொட விடுவதில்லை.

எல்லாம் உங்கள் அண்ணன் செய்த வேலை. காரியத்துக்கு மதுரையிலிருந்து வந்தவர், "என் தம்பியை வேலைக்காரனாவே வச்சிருந்து கொன்னுட்டா" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனார். அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனாலும் அத்தான், உங்களிடம் மறைப்பானேன், எனக்கும் அது புரியாமல்தான் இருந்தது. நீங்களும் ரயில்வே ஆபீஸில் உழைத்துவிட்டு வருகிறவர். சியால்தாவிலிருந்து ஓடி வந்து அடுப்பைப் பற்றவைத்து, அவள் கால் கழுவ வெந்நீர் எடுத்து வைப்பீர்கள். அவள் உங்களை "நீ" என்பாள், நீங்கள் அவளை "நீங்க" என்பீர்கள். உங்கள் சட்டைத் துணியைக்கூட அவள்தான் முடிவு செய்வாள். எதிர்வீட்டு வங்காளி அண்ணி, நம் பௌதி, வாசலில் நின்று, "ஆஷ்சொர்ஜோ! இந்த மாதிரி புருஷன் எந்தக் கடையில் கிடைக்கும்?" என்று வியப்பாள். நீங்கள் சிரிப்பீர்கள். அது சந்தோஷமா, சமாளிப்பா?

நேற்று ஞாயிற்றுக்கிழமை. அக்காவிடமே கேட்டுவிட்டேன்.

"நானா கேட்டேன்? கல்யாணமான புதுசுல அவன்தான் கேட்டான். 'நீங்க சொல்லணும், நான் செய்யணும். எனக்கு அப்படி இருக்கத்தான் பிடிச்சிருக்கு'ன்னான். எனக்குச் சிரிப்பா வந்துச்சு. அப்புறம் எனக்கும் பிடிச்சுப்போச்சுடி."

அக்கா வெட்கப்பட்டாள், அத்தான்! இந்த வயதில்!

"ஒரே ஒரு கண்டிஷன் போட்டேன். ஞாயித்துக்கிழமை காலையில, இந்த வாரமும் இப்படியே இருக்கலாமான்னு கேப்பேன். வேண்டாம்னா வேண்டாம். ஏன்னு கேக்கமாட்டேன்."

"வேண்டாம்னு சொல்லியிருக்காரா?"

"ஒரே ஒரு வாட்டி. துர்கா பூஜை சமயம். அந்த வாரம் பூரா நான் சமைச்சேன், அவன் கட்டில்ல படுத்து பேப்பர் படிச்சான். அடுத்த ஞாயிறு கேட்டா, 'பழையபடியே இருக்கலாம், உங்க சாம்பார் தாங்கலை'ங்கறான்."

"அப்புறம் என்னக்கா? வேண்டாம்னு சொல்லத் தெரிஞ்ச மனுஷன்தானே மத்த வாரமெல்லாம் சரின்னு சொன்னார்?"

அக்கா உடைந்து அழுதாள். நீங்கள் போன நாளிலிருந்து அவள் அழுது நான் பார்க்கவில்லை. அழுது முடித்து, முகத்தைத் துடைத்து, நாற்காலியில் சாய்ந்தாள்.

"தலை வலிக்குது, டீ போட்டுக் கொண்டா. இஞ்சி தட்டிப் போடு. கழனித்தண்ணி மாதிரி இருந்தா தொடமாட்டேன்."

அந்த அதிகாரக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

வருஷத் திதிக்கு உங்கள் அண்ணன் வருவார். அக்கா வாயைத் திறக்காவிட்டாலும் நான் திறப்பேன்.

ஆனால் அந்த ஒரு வாரம் ஏன் வேண்டாம் என்றீர்கள்? உடம்பு முடியவில்லையா, மனசு சரியில்லையா, சும்மா சொல்லிப் பார்த்தீர்களா? எனக்கு மண்டை வெடிக்கிறது. அவள் இத்தனை வருஷம் கேட்கவில்லை. இனி நானும் கேட்கமாட்டேன், அத்தான். இது சத்தியம்.

என்றும் உங்கள் வாயாடிக் கொழுந்தியாள்