உச்சி தொடாமல் திரும்பிய கோஸ்டர்

உன்னைக் கொன்றது உன் கம்பெனி. மாரடைப்பு என்று மருத்துவர் எழுதியது, அது எப்படி நடந்தது என்பதை மட்டும்தான்.

இன்று இங்கே எடிசன் நகரில் காரைக் கழுவும்போது சீட்டுக்கடியில் கேளிக்கைப் பூங்காவுக்கான உன் சீசன் பாஸ் கிடைத்தது. போட்டோவில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாய். கோவையில் மெக்கானிக்கல் படித்துவிட்டு, நியூ ஜெர்சியில் வங்கி சாஃப்ட்வேரைச் சோதித்துக்கொண்டிருந்தவன் நீ. சனிக்கிழமையானால் ரூம்மேட்டான என்னையும் இழுத்துக்கொண்டு அந்தப் பூங்காவின் ரோலர் கோஸ்டருக்குப் போய்விடுவாய். ஒரு காலத்தில் உலகிலேயே உயரமானது அது. இப்போது அதையும் இடித்துவிட்டார்கள்.

மற்ற கோஸ்டர்களைப் போல இதைச் சங்கிலியால் மெதுவாக ஏற்றுவதில்லை. அழுத்தி வைத்த எண்ணெய் ஒரே மூச்சில் பாய்ந்து ஒரு பெரிய உருளையைச் சுழற்றும். உருளை கம்பி வடத்தை இழுக்கும். வடம் நம்மைச் சுண்டிவிடும். நான்கு விநாடிக்குள் எந்த ஃப்ரீவேயிலும் போலீஸ் விடாத வேகம். கண்ணீர் காதுப் பக்கம் ஓடும். பிறகு செங்குத்தாக வானம்.

ஒரு குளிர்ந்த காலையில், உச்சிக்குச் சற்றுக் கீழே வேகம் தீர்ந்துபோனது. ஒரு கணம் தொங்கினோம். பின்பக்கமாகவே விழத் தொடங்கினோம்.

"மச்சி, செத்தோம்டா!" என்று கத்தினேன்.

நீ கைதட்டினாய். "ரோல்பேக்டா! இதுக்குத்தான்டா இத்தனை வருஷமா வர்றேன்!"

"லூசாடா நீ?"

அவ்வளவு இரும்பும் அவ்வளவு வேகமும் மெத்தென்று நின்றன. தண்டவாளத்தின் நடுவே எழுந்து நின்ற பிரேக்குகளை நீ காட்டினாய். "கரண்ட் போனாக்கூட காந்தம் புடிச்சுக்கும். மேல போகாம திரும்பி வந்தா என்ன பண்றதுன்னு மொதல்லயே யோசிச்சுக் கட்டியிருக்கான் பாரு. அவன் இன்ஜினியர். நாமெல்லாம் சும்மாடா."

அதே வண்டியில் நம்மை மறுபடி ஏவினார்கள். தாண்டினோம். மனிதர்கள் கட்டியதில் அவ்வளவு அக்கறையான ஒன்றை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

போன வருஷம் ஒரு மெயிலில் உன் வேலை போனது. அந்த மாதக் கடைசியோடு கம்பெனி கொடுத்த மருத்துவ இன்சூரன்ஸும் போனது. விசாவுக்கு அறுபது நாள்; அதற்குள் வேறு வேலை, இல்லையென்றால் ஊர். நெஞ்சைக் கரிக்கிறது என்றாய். ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போகலாம் வா என்று கூப்பிட்டேன்.

"கேஸ் டிரபிள்தான்டா. இன்சூரன்ஸ் இல்லாம போனா பில்லு ஆயிரக்கணக்கான டாலர் வரும். டிக்கெட் போட்டாச்சு, ஊருக்குப் போய் ஃபுல் செக்கப் பண்ணிக்கறேன்."

பல்வலி, கண்ணாடி, எல்லாவற்றையும் ஊருக்கு ஒத்திவைக்கிற கூட்டம் நாம். நானும் தலையாட்டினேன். சீரகத் தண்ணீர் கொதிக்கவைத்துக் கொடுத்தவன் நான்தான். டிக்கெட் தேதிக்கு நான்கு நாள் முன்னால் நீ எழுந்திருக்கவில்லை.

உன்னால் என்னிடம் தங்கிவிட்டது ஒரு கேள்வி: விழுகிறவனைப் பிடிக்க இங்கே என்ன வைத்திருக்கிறார்கள்? நேற்று எங்கள் ஆபீசிலும் ஆட்குறைப்புக் கூட்டம். "எனி கொஸ்டின்ஸ்?" என்றார் வீடியோவில் இருந்த எச்.ஆர். மேனேஜர். என் விசாவும் அவர்கள் கையில்தான். இருந்தும் மைக்கைத் திறந்தேன். "வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸை ஆறு மாதம் விட்டுவையுங்கள். எழுத்தில் கொடுங்கள்" என்றேன்.

திரை நிறைய முகங்கள். "அடுத்த கேள்வி?" என்றார் மேனேஜர்.

மறுபடியும் கேட்டேன்.