மேல் வரி, கீழ் வரி

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் தவறவிட்டேன். கணினியைப் போட்டுவிட்டு அடுப்பை அணைக்கப் போனேன். திரும்புவதற்குள் அது அவர் பக்கத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டது.

கணினி தொடங்கும்போது கறுப்புத் திரையில் இரண்டு வரிகள். மேல் வரி அவருடைய இயங்குதளம், கீழ் வரி என்னுடையது. பத்து நொடிக்குள் கீழ் அம்பை அழுத்தாவிட்டால் மேல் வரிதான். என் கணவராக இருந்தபோது, ஒரே வன்தட்டை இரண்டாகப் பிரித்து அவர் செய்துவைத்த ஏற்பாடு. "சமபங்கு" என்றார். சமபங்கிலும் யாரோ ஒருவர் மேலே இருக்கத்தானே வேண்டும்.

அவர் பிரிந்து போய் மூன்று வருடம். தன் கோப்புகளையெல்லாம் எடுத்துக்கொண்டார். இந்த இரண்டு வரிப் பட்டியலை மட்டும் விட்டுப்போனார்.

மார்ச் 5, வியாழன்

கணினிக் கடைக்காரரிடம் கேட்டேன்.

"எல்லாத்தையும் துடைச்சுட்டுப் புதுசா போட்டுத் தரேன் மேடம்."

"என் கடற்பாசிப் படங்கள்?"

"பாசியா?"

"ஆமா. பல வருஷ ஆராய்ச்சி."

"அதெல்லாம் காப்பி எடுத்து வச்சிருப்பீங்கல்ல?"

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கல்லூரியில் பாடம் நடத்துகிறவள் அல்லவா.

மார்ச் 7, சனி

வெளித்தட்டில் நகலெடுத்தேன். பழைய படங்கள் ஏறின. கடைசி மூன்று வருடத்துக்கு இடமில்லை. பரவாயில்லை. நான் அழிக்கப்போவது அவர் பகுதியை மட்டும்தானே.

அக்கா போனில்: "புதுசு ஒண்ணு வாங்கித் தொலையேன்டி. அந்த ஆளு போனப்பவே அதையும் கட்டிக் குடுத்திருக்கணும்."

சிரித்தேன். போனை வைத்த பிறகு வீடு முன்னைவிட அமைதியாக இருந்தது.

மார்ச் 8, ஞாயிறு

அவர் பகுதியைத் தேர்ந்தெடுத்து, நீக்கு என்றேன். நிச்சயமா என்று கேட்டது. ஆம். அவ்வளவுதான். இத்தனை லேசா?

அணைத்துப் போட்டேன். கறுப்புத் திரை. மேல் வரி இல்லை. கீழ் வரியும் இல்லை. எதையோ காணவில்லை என்று ஒரு செய்தி, மினுக்கும் ஒரு கோடு.

அம்பை அழுத்தினேன். மறுபடி. மறுபடி.

போச்சா? முழங்கால் தண்ணியில நின்னு எடுத்த படமெல்லாம் — அவர் போனதுக்கப்புறம் நான் செஞ்ச ஒரே உருப்படியான வேலை அது. எல்லாம் போச்சா?

மார்ச் 9, திங்கள்

கடைக்காரர்: "யார் போட்டாங்களோ அவங்களையே கேளுங்க மேடம். எனக்குத் துடைக்கத்தான் தெரியும்."

மார்ச் 10, செவ்வாய்

கேட்க மாட்டேன்.

மார்ச் 12, வியாழன்

கேட்டேன். அவர் எண் மாறியிருக்கும் என்று நம்பினேன். மாறவில்லை. நலமா என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

"என் பகுதியை முதல்ல அழிச்சிட்டியா?"

"ஆமா."

சிரித்தார். "அந்தப் பட்டியல் இருந்ததே அங்கதான். உன் பக்கத்துக்கு வழி காட்டினதும் அதுதான். வழியை மாத்திட்டுல்ல அழிச்சிருக்கணும்."

"படங்கள்?"

"அப்படியே இருக்கும். உன் சிஸ்டம் சிடி இருக்கா? அதைப் போடு. புதுசா நிறுவவான்னு கேட்டா வேண்டாம்னு சொல்லு. பழுதுபார்க்கிற பக்கம் போ."

அங்கே அடிக்க வேண்டிய கட்டளையை எழுத்தெழுத்தாகச் சொன்னார். பின்னால் ஒரு குழந்தை அழுதது. "இரு, இரு" என்றார். எனக்கா, குழந்தைக்கா? வைத்துவிட்டேன்.

மார்ச் 13, வெள்ளி

அவர் சொன்னதைக் கல்லூரிக் கணினியில் சரிபார்த்தேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அதுவும் எரிச்சலாக இருந்தது.

மார்ச் 14, சனி

ஒரே வரிக் கட்டளை. முடிந்தது என்றது. நான் நம்பவில்லை. சிடியை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன். எதுவும் கேட்காமல் நேராக என் பக்கம்.

எல்லாப் படங்களும் இருந்தன. ஒவ்வொரு கோப்புறையாகத் திறந்து பார்த்தேன். ஒரு படத்தில் பாசிமேல் என் நிழல் விழுந்திருக்கிறது. தண்ணீரில் வேறு நிழல் இல்லை.

பெரிய வெளித்தட்டு ஒன்று வாங்கி எல்லாவற்றையும் நகலெடுத்தேன். அவருக்குச் சொல்லலாமா? சரியாயிற்றா என்று அவர் கேட்கவில்லையே.

மார்ச் 17, செவ்வாய்

கணினியைப் போட்டுவிட்டுத் தேநீர் போடப் போனேன். பால் பொங்கும்வரை அங்கேயே நின்றேன். வந்து பார்த்தால் என் திரை தயாராக இருந்தது.

பாசிகளின் பட்டியலைத் திறந்தேன். விரல் பழக்கத்தில் கீழ் அம்பை அழுத்திவிட்டது. ஒரு வரி இறங்கி நின்றது. இன்னும் இனம் கண்டுபிடிக்காத ஒன்று, போன மழைக்காலத்தில் எடுத்தது.

தேநீரை ஓரமாக வைத்துவிட்டு, அதன் படத்தைப் பெரிதாக்கினேன்.