ஈரநெல்லும் முப்பத்தொரு நாள் துடக்கும்

சரசாலை,
தை மாதம், வெயில் எறித்த ஒரு காலை.

அன்பு மகள் நிவேதனாவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் வலியும் என் இருமலும்கூட வழமைபோலச் சுகமாகவே இருக்கின்றன. நீயும் மருமகன் நிருஷனும் அந்த நோர்வேக் குளிரில் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ எடுத்தால் அம்மாதான் முதலில் கதைக்கிறா, என் முறை வரும்போது உனக்கு வேலைக்கு நேரமாகிவிடுகிறது. எனக்கு ஒரு விஷயத்தைத் தொடக்கத்திலிருந்து ஒழுங்காகச் சொன்னால்தான் சொன்னதுபோல இருக்கும்.

இம்முறை தை பிறந்தும் மாரி போகவில்லை. பொங்கலன்று குடை பிடித்துக்கொண்டு பொங்கிச் சூரியனுக்குப் படைத்தோம், சூரியன் வரவில்லை. வயலில் என் மொட்டைக்கறுப்பன் நெல் முற்றிச் சாய்ந்து கிடந்தது. நில அளவைக் கந்தோரில் படம் வரைந்து ஓய்வு பெற்ற ஆள் பழைய நெல்லினம் விதைத்தால் ஊர் சிரிக்கத்தானே செய்யும். இரண்டு வருடமாக, விதைநெல் தருகிறேன், நீங்களும் போட்டுப் பாருங்கள் என்று எல்லோரையும் கேட்டுவிட்டேன், ஒருவரும் வாங்கவில்லை. ஆகவே இந்த நெல் கெட்டால் விதைக்கு நான் வேறெங்கும் போக முடியாது. இதுதான் என் கவலையெல்லாம். ஒருநாள் வெயில் எட்டிப் பார்த்ததும் கிளாலியிலிருந்து பிலிப்பு வெட்டு மிசினைக் கொண்டு வந்தான். ஈரத்தோடு வெட்டலாமா, இன்னும் பொறுக்கலாமா என்று நான் வரம்பில் நின்று கணக்குப் பார்க்க, “ஐயா, நீங்கள் யோசிச்சு முடிய நெல்லு நிண்ட நிலையிலை முளைச்சிடும், வெட்டட்டோ போகட்டோ?” என்றான். அம்மா வெட்டச் சொல்லிவிட்டா. கடைசி மூட்டை ஏறும்போது மறுபடி மழை.

ஈரநெல்லை மூட்டைக்குள் விட்டால் சூடேறி முளைத்துவிடும். விறாந்தையில் பரப்பினோம், உன் அறையில் பரப்பி ஃபானைப் போட்டோம், சாமியறை வாசல்வரை நெல். “இனி இந்த வீட்டிலை கோழி மாதிரிக் கிளறிக் கிளறித்தான் நடக்கோணும்” என்று அம்மா சொன்னா. அப்படியும் பாதி நெல்லுக்கு இடமில்லை. பிள்ளையார் கோயில் அன்னதான மண்டபத்தைக் கேட்கலாம் என்று நினைத்து, கோயில் தலைவர் இளையதம்பி அண்ணையிடம் இரண்டு தரம் போனேன். இரண்டு தரமும் அவருடைய பிரஷரை விசாரித்துவிட்டுத் திரும்பி வந்தேன். பிறகு அம்மா போய் ஒரு நிமிடத்தில் கேட்டு முடித்தா. மண்டபத்தில் தார்ப்பாய்ப் படங்கை விரித்து நெல்லைப் பரப்பி, காலால் வரிவரியாகத் துழாவிக்கொண்டு நடந்தபோது எனக்கு இருந்த நிம்மதியை எழுத முடியாது.

அடுத்த நாள் கனடாவில் பரமலிங்கம் இறந்துவிட்டான். உனக்கு அவனைத் தெரியாது, எனக்கும் சரியாகத் தெரியாது. என் அப்பப்பாவின் தம்பியுடைய மகன்வழிப் பேரன். நிருஷன் அங்கேயே வளர்ந்தவர், அவருக்கு நீ விளங்கப்படுத்து: ஆண்வழிச் சொந்தத்தில் ஒருவர் எந்த நாட்டில் இறந்தாலும் எங்களுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, கோயிலுக்குள் கால் வைக்கக்கூடாது. இவ்வளவு தூரச் சொந்தத்துக்கும் துடக்கு உண்டா என்று நான் சந்ததி வரிசையை வரைந்து பார்க்கத் தொடங்கினேன். ஆனால் மரண அறிவித்தலில் ‘சரசாலை பஞ்சலிங்கம் அவர்களின் பாசமிகு சகோதரரும்’ என்று போட்டுவிட்டார்கள். நான் காணுமுன் ஊர் முழுவதும் அதைக் கைத்தொலைபேசியில் வாசித்துவிட்டது. இனி இல்லை என்று சொன்னால் செத்தவனோடு உறவை அறுத்தவன் ஆகிவிடுவேன். இளையதம்பி அண்ணை வாசலில் கையை விரித்து நின்றார். “தம்பி, குறை நினையாதையும். நீர் உள்ளுக்கை வரப்படாது.” நெல் உள்ளே, நான் வெளியே. ஐயரைக் கேட்டோம். அவர் கண்ணை மூடி யோசித்து, நெல் துடக்குக்கு முன்னரே உள்ளே வந்தது, அதனால் அதற்குத் துடக்கில்லை, உரிமையாளருக்குத்தான் துடக்கு என்றார். நெல்லை வெளியே எடுத்தாலும் மழையில் வைக்க இடமில்லை. துழாவ ஆள் பிடிக்கலாமென்றால் எங்கள் ஒழுங்கையில் எல்லா வீடும் ஒரே வழிச் சொந்தம், எல்லோருக்கும் துடக்கு.

கடைசியில் என் தம்பியின் மகள் தர்சிகா நினைவுக்கு வந்தாள். மீசாலையில் கலியாணம் முடித்தவள். பெண்பிள்ளைக்குப் புகுந்த வீட்டுத் துடக்குத்தானே. ஸ்கூட்டியில் வந்து, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு துழாவினாள். நான் வாசலுக்கு வெளியே குடையோடு நின்று, சத்தம் போடக் கூச்சப்பட்டு, அவளுக்குத் தொலைபேசி எடுத்து, தெற்கு மூலை தடிப்பாகக் கிடக்கிறது பிள்ளை என்று சொன்னேன். “பெரியப்பா, நீங்கள் கதைக்கிறது நேரையும் கேக்குது ஃபோனிலையும் கேக்குது, ஏதாவது ஒண்டை நிப்பாட்டுங்கோ” என்றாள். இளையதம்பி அண்ணைக்கும் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுக்கவில்லை, வேட்டியை மடித்துக் கட்டி இறங்கிவிட்டார். “உமக்காக இல்லை. மண்டபத்திலை புழுங்கல் மணம் வரப்படாது, அதுக்காக” என்று என்னைப் பார்க்காமலே சொன்னார்.

மூன்றாம் நாள் பின்னேரம் தர்சிகா மகனைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிப்போகப் போன நேரம், வாடைக்காற்றோடு மழை அடித்தது. மண்டபத்தின் பதிந்த பக்கத்தால் தண்ணீர் ஏறத் தொடங்கியது. அண்ணை ஒரு சுளகை வைத்துக்கொண்டு நெல்லை ஒதுக்கினார், அவர் ஒதுக்க ஒதுக்கத் தண்ணீர் பின்னால் வந்தது. நான் குடையைப் பிடித்துக்கொண்டு இது சரியா, அது பிழையா என்று நின்றேன். படங்கின் ஓரத்தில் நெல் மிதக்கத் தொடங்கியது. எப்போது குடையைப் போட்டேன், எப்போது படி தாண்டினேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. ஓர் உரப்பையைக் கொங்காணியாக மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உள்ளே நின்றேன். அண்ணை என்னைப் பார்த்தார், மூலஸ்தானத்தைப் பார்த்தார், பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். “நான் ஒருத்தரையும் காணேல்லை. காணாத ஆள் படங்கின்ரை மற்ற முனையைத் தூக்கும்.” நான் தூக்கினேன். “காணாத ஆள் கெதியாத் தூக்கும்!” என்று கத்தினார். நெல் முழுவதையும் அள்ளிக் கட்டிச் சமையல் மேடைக்கு ஏற்றிவிட்டு நான் வெளியே வந்துவிட்டேன்.

அத்தோடு முடிந்ததென்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்துப் பிலிப்பு மிசினோடு வீதியால் போயிருக்கிறான். மறுநாள் தேநீர்க் கடையில், “மழைக்குள்ளாலை கண்டனான். வயிறு பெரிசு, மனிசத் தலை இல்லை, முன்னாலை ஏதோ தொங்கினது, மூட்டையைப் பஞ்சு மாதிரித் தூக்கினது. நான் வேதக்காரன், சேர்ச்சுக்குப் போறவன், எனக்கு உதிலை என்ன லாபம்?” என்று சொல்லியிருக்கிறான். தொங்கியது கொங்காணியின் முனை. வயிற்றைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. ஊர்ச்சனம் இளையதம்பி அண்ணையிடம் ஓடி, உங்கடை பிரஷரோடை எப்பிடித் தனியத் தூக்கினியள் என்று கேட்டது. அவர் சந்நிதியில் பொய் சொல்ல மாட்டார், துடக்குக்காரனை உள்ளே விட்டேன் என்றும் சொல்ல முடியாது. “நான் ஒருத்தரையும் காணேல்லை” என்றாராம். அதோடு ஊர் முடிவு கட்டிவிட்டது.

இப்போது நெல் நன்றாகக் காய்ந்துவிட்டது, ஈரத்துணியில் கட்டி முளைப்புப் பார்த்தேன், பழுதில்லை. ஆனால் பிள்ளையார் தூக்கிய நெல் என்று படலை வாசலில் ஆட்கள் நிற்கிறார்கள், எல்லோருக்கும் அடுத்த போகத்துக்கு விதை வேண்டுமாம். உண்மையைச் சொன்னால் அண்ணைக்கு மரியாதைக் குறைவு, மொட்டைக்கறுப்பனையும் ஒருவரும் விதைக்கமாட்டார்கள். சொல்லாவிட்டால் பிள்ளையாரின் பெயரை நான் எடுத்ததாகிவிடும். “பிள்ளையாரே பேசாமல் இருக்கிறார்தானே, நீங்களும் பேசாமல் இருங்கோ” என்று அம்மா சொல்லுறா. நேற்று மண்டபத்தில் கற்பூரம் கொளுத்தினார்கள், நானும் வாசலுக்கு வெளியே நின்று கும்பிட்டேன். அண்ணையின் மனைவி பராசக்தி அக்கா என்னைப் பார்த்து இரக்கப்பட்டு, “உங்கடை நெல்லைப் பிள்ளையார் தூக்கேக்கை பாக்க உங்களுக்குத்தான் குடுத்து வைக்கேல்லை, துடக்கெண்டு வெளியிலை நிண்டிட்டியள்” என்றா. நான் ஓம் என்றேன்.

மகள், நீ கலியாணம் முடித்துப் போனதால் உனக்கு இந்தத் துடக்கு இல்லை. எழுதும்போது மனதுக்கு ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் இப்போது அது உதவுகிறது. வரும் வெள்ளிக்கிழமை அங்குள்ள கோயிலுக்குப் போய், தூக்கியது அப்பாதான் என்று பிள்ளையாரிடம் சொல்லிவிடு. மெதுவாகச் சொல்லு, பக்கத்தில் எங்கள் ஊர்ச்சனம் நிற்கும். பனியில் சறுக்காத சப்பாத்துப் போடு, காலைச் சாப்பாட்டை விடாதே. நீங்கள் இருவரும் நோய் நொடியின்றி, நிறைந்த வீடாய் நீடூழி வாழ அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
வாசலுக்கு வெளியே நிற்கும் உன் அப்பா,
பஞ்சலிங்கம்