உன் அப்பா கோட்டைவிட்ட இருபத்தைந்து தட்டுகள்

ஹார்லிங்கன், டெக்சஸ்
அக்டோபர் 17, 1943

அன்புள்ள வெண்டெல்,

இங்கே நானும் உன் அப்பாவும் நலம், அவருடைய தோள்பட்டையையும் மானத்தையும் தவிர. இங்கிலாந்துக் குளிரில் நீயும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எதிரி விமானம் துரத்தி வந்ததும், உங்கள் விமானத்தின் பக்கவாட்டு ஜன்னல் துப்பாக்கியில் நின்ற நீ பயிற்சியில் சொன்னதை மறந்து, அப்பா வாத்து வேட்டையில் பழக்கியபடி அதன் மூக்குக்கு முன்னால் சுட்டாய், ஒன்றும் படவில்லை, உங்கள் விமானத்தின் இறக்கையில்தான் ஓட்டை விழுந்தது என்று எழுதியிருந்தாய். அன்று நான் சோளரொட்டியை அடுப்பிலேயே கருகவிட்டேன். அப்பாவோ, "என் பாடத்துல தப்பில்ல, பய அவசரப்பட்டிருப்பான்" என்றார்.

நான் இங்கே துப்பாக்கிப் பயிற்சி முகாமில் லாரி ஓட்டுவது உனக்குத் தெரியும். ஓடும் லாரியின் பின்தட்டில் பையன்கள் நின்றுகொண்டு, பாதையோரக் குழிகளிலிருந்து விசையால் எறியப்பட்டுப் பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடுவார்கள். உன் கதையை சார்ஜண்ட் பாவ்லிக்கிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "வேட்டைக்காரங்கதாம்மா எங்களுக்குப் பெரிய தலைவலி. உங்க வீட்டுக்காரர ஒரு நாள் கூட்டிட்டு வாங்க" என்றார். அப்பா மாவட்டப் போட்டியில் வாங்கிய பதக்கத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு வந்தார். நான் ஓட்டினேன். இருபத்தைந்து தட்டு பறந்தது, இருபத்தைந்தும் முழுசாக மணலில் இறங்கின. பையன்கள் மரியாதைக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்பா இறங்கி வந்து, "நீ வண்டிய ஆட்டி ஆட்டி ஓட்டுற" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் காரை நிறுத்தாமல் வீடு வீடாகச் செய்தித்தாள் வீசிய மூன்று வருஷத்தில் கற்ற பாடம் இது: வாசலுக்கு நேராக வந்து வீசினால் தாள் அடுத்த வீட்டு ரோஜாச்செடியில்தான் விழும். வண்டியின் ஓட்டம் தாளோடும் போகிறது, அதனால் வாசல் வருமுன்பே விட வேண்டும். "குண்டும் அப்படித்தான். நீங்க நின்ன இடத்துல நின்னு வாத்து சுட்ட ஆளு. இப்ப நீங்களே ஓடுறீங்க. தட்டுக்கு முன்னால இல்ல, தட்டுக்கும் நம்ம வண்டி வாலுக்கும் நடுவுல சுடுங்க" என்றேன். சார்ஜண்ட், "இதத்தான் நான் மூணு வாரமா கரும்பலகையில எழுதுறேன்" என்றார். அடுத்த சுற்றில் பதினாறு உடைந்தது.

வீடு வந்ததும் அப்பா பதக்கத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார். சாப்பிட உட்கார்ந்து, கரண்டியைத் தொடாமல், "அவன் கைக்கு அத பழக்கிவிட்டது நான்தான, ஆல்மா. தப்புன்னு எழுதிடு" என்றார். எங்கள் இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில், தன் பக்கம் தப்பு என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். கண்தான் ஈரமாக இருந்தது.

அதனால் கண்ணே, துரத்தி வருபவனுக்கும் உங்கள் விமான வாலுக்கும் நடுவே சுடு. உன் கையை மறக்கச் சொல், தலையைக் கேள். ஆண்டவர் உன் ஜன்னலைக் காக்கட்டும். நான் பின்னி அனுப்பிய கம்பளிக் காலுறையைச் சீட்டாட்டத்தில் தோற்றுவிடாமல் காலில் போட்டுக்கொள். இதைத் தபாலில் போட அப்பாவிடம் கொடுக்கிறேன்.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அம்மா ஆல்மா

வெண்டெல், தபாலாபீஸ் வாசலில் நின்று எழுதுகிறேன். அவள் சொன்னது அத்தனையும் சரி. நான் இப்படி எழுதினேன் என்று அவளுக்கு எழுதிவிடாதே. நேரில் வந்து நீயே சொல்.
அப்பா