சட்டைப் பையில் அப்பாவின் முத்திரை

ஜியூஜியாங்
27 மார்ச் 1993

அன்புள்ள அப்பாவுக்கு,

ரூயிங் எழுதுவது. நலமாக வந்து சேர்ந்தோம். அதைத் தவிர நல்லதாக எழுத ஒன்றுமில்லை.

வூஹானில் பேருந்து கிளம்பிய அரை மணி நேரத்தில் தரை முழுக்கச் சூரியகாந்தி விதைத் தோல். பெரியப்பா ஜன்னல் வழியே காறித் துப்ப, காற்று அதை அப்படியே பின் இருக்கையிலிருந்த என் கையில் கொண்டுவந்து போட்டது. பெரியப்பாவின் இரண்டாவது பிள்ளை குவோதோங் இருக்கிறானே, அவன் மகன் தேநீர் ஜாடியில் சிறுநீர் கழித்தான். பெரியம்மா அதை வெளியே கொட்டி, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கி, மறுபடி அதிலேயே தேயிலை போட்டார். அன்று முழுவதும் நான் எதையும் குடிக்கவில்லை.

மதியம் மீன் வந்தது. ஒரு பக்கம் தீர்ந்ததும் திருப்பிப் போட்டேன். ஓட்டுநர் எழுந்து வெளியே போய்விட்டார். மீனைத் திருப்பினால் வண்டி கவிழுமாம். பெரியம்மா எல்லார் முன்னாலும், "முப்பத்தெட்டு வயசாச்சு, ஒரு மீனைத் தின்னத் தெரியல. எவன் கட்டிப்பான் இவள?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். குவோதோங் தன் சுண்டுவிரலின் நீள நகத்தால் காது குடைந்துகொண்டே சிரித்தான். அதே கையால் எனக்கு ஒரு கோழிக்கால் எடுத்து வைத்தான்.

கிராமத்துக் கல்லறைகளுக்குப் போகும் இந்தப் பயணத்தை உங்களுக்காகத்தான் பொறுத்துக்கொள்கிறேன். முழங்கால் சரியாக இருந்திருந்தால் நீங்களே வந்திருப்பீர்கள். நீங்கள் கொடுத்த, உங்கள் பெயர் பொறித்த கல் முத்திரை என் உள்சட்டைப் பையில், கைக்குட்டையில் சுற்றியபடி இருக்கிறது. தூங்கும்போதும் எடுப்பதில்லை.

ஷென்ஜென் மருத்துவமனை வேலையை வேண்டாம் என்று எழுதிப் போட்டுவிட்டேன். இனி அதைப் பற்றிக் கேட்காதீர்கள். மருந்துச் சாராயத்தைச் சூடாக்கித் தேய்க்கப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். வெட்கப்படாமல் காலை நீட்டுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
ரூயிங்


வூஹான்
30 மார்ச் 1993

என் ரூயிங்குக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், பிறகு சிரித்ததற்காக வருந்தினேன். நாற்பது வருடம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு கழித்தவன் நான். எச்சில் துப்பாத மனிதரைத் தேடினால் தனியாகத்தான் இருக்க வேண்டியிருக்கும். பெரியம்மாவின் வாய் அப்படி, கை தாராளம்.

இந்தக் கடிதத்தை நேராகக் கிராமத்து முகவரிக்கே போடுகிறேன். நீங்கள் போய்ச் சேர்வதற்குள் வந்துவிடும்.

முத்திரையைப் பெரியப்பா கையில் கொடுத்துவிடு. எங்கள் வம்சப் புத்தகத்தைப் புதிதாக அச்சடிக்கிறார்கள் அல்லவா, அதில் என் பக்கத்தைச் சரிபார்த்ததற்கு அடையாளம், அவ்வளவுதான். பார்க்க வேண்டியதை அவர் பார்த்துவிட்டார். நீ உட்கார்ந்து பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருக்காதே, கண் வலிக்கும். கல்லறைகளுக்குப் போய் உன் தாத்தாவுக்கு என் சார்பில் ஒரு கிண்ணம் சாராயம் ஊற்று.

கால் பரவாயில்லை. பக்கத்து வீட்டு அம்மா தேய்த்தால் கத்தத் தோன்றுகிறது. உன் கை வராது.

உன் அப்பா


ஜிங்தெஜென்
2 ஏப்ரல் 1993

அன்புள்ள அப்பாவுக்கு,

இன்றைக்குப் பீங்கான் கடைகள். பெரியம்மா விடுதித் துண்டுகள் நான்கைச் சுருட்டி, நாங்கள் வாங்கிய கிண்ணங்களுக்கு நடுவே உடையாமலிருக்க வைத்துக்கொண்டார். பார்த்த பணிப்பெண்ணிடம், "எங்க வீட்லேந்து கொண்டு வந்ததும்மா" என்றார். துண்டில் விடுதியின் பெயர் சிவப்பாக அச்சடித்திருந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அதைவிடப் பெரியப்பாவின் பேச்சுதான் தாங்கவில்லை. பேருந்தில் எழுந்து நின்று முன்னோர், வேர், நன்றி என்று ஒரு மணி நேரம் உபதேசம் செய்தார். கலாச்சாரப் புரட்சியின்போது, அறுபத்தாறில், அந்தப் பழைய வம்சப் புத்தகத்தை நெருப்பில் போட்டது யார் கை என்று நீங்கள்தானே எனக்குச் சொன்னீர்கள்? அதே கை இன்று காற்றில் ஆடுகிறது. வண்டியிலிருந்த நம் சொந்தக்காரர்கள் பதினாறு பேரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை.

குவோதோங் திடீரென்று என் பெட்டியைத் தூக்குகிறான், தேநீர் கொண்டுவருகிறான், உங்கள் வயது, உங்கள் கால், நம் வீடு எத்தனை அறை என்று விசாரிக்கிறான். அவன் அன்பாக இருக்கும்போதுதான் அதிகம் குமட்டுகிறது.

உங்கள் அன்பு மகள்,
ரூயிங்


கிராமத்திலிருந்து
5 ஏப்ரல் 1993

அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்று எனக்காக இங்கே காத்திருந்தது. பக்கங்களைப் புரட்டாதே என்று எழுதியிருந்தீர்கள். நான் புரட்டவில்லை. தேவைப்படவில்லை.

நேற்று விருந்தில் குவோதோங் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தூக்கினான். "வூஹான்ல இருக்கற எங்க அப்பாவுக்கு" என்றான். அவன் அப்பா எதிரிலேயே உட்கார்ந்து பன்றிக்கொழுப்பு மென்றுகொண்டிருந்தார். யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

பெரியப்பா தணிந்த குரலில் சொன்னார். "உங்கப்பனுக்கு ஆம்பளப் பிள்ள இல்ல. புத்தகத்துல பேருக்குக் கீழ வம்சம் 'நின்றது'ன்னு ஒரு வார்த்தை போட்டுருவாங்கம்மா. எந்த மனுஷன் தாங்குவான்? அதான் என் ரெண்டாவது பிள்ளய அவனுக்கு மகனா எழுதிக் குடுத்துட்டேன்."

என் பெயர் எங்கே என்று கேட்டேன். "பொண்ணு வேற வீட்டுக்குப் போறவ" என்றார். நான் எந்த வீட்டுக்கும் போகவில்லையே என்றேன். "அதுக்கு நாங்க என்னம்மா பண்ண முடியும்" என்றார்.

பொய் என்றே நினைத்தேன். அப்போது உங்கள் கடிதத்தைக் காட்டினார். ஜனவரியில் எழுதியது. குவோதோங்கை மகனாக ஏற்கிறேன், முத்திரையை என் மகளிடம் கொடுத்தனுப்புகிறேன், அவளுக்கு விஷயம் தெரிய வேண்டாம். உங்கள் அழகான கையெழுத்து. ஒரு அடித்தல்கூட இல்லை.

என்னை இல்லாமல் ஆக்கும் கல்லை நானே ஒன்பது நாள் நெஞ்சோடு சுமந்திருக்கிறேன்.

கொடுக்காமல் திரும்பியிருக்கலாம். ஆனால் அந்த ஒரு வார்த்தை உங்கள் பெயருக்குக் கீழே வந்தால் உங்களுக்கு உறக்கம் வராது என்று எனக்குத் தெரியும். உங்கள் பயமெல்லாம் எனக்கு மனப்பாடம். அதனால் இன்று காலை, கல்லறைகளுக்குப் போய் வந்த பிறகு, நானே முத்திரையைச் சிவப்பு மையில் தொட்டு அழுத்தினேன். குவோதோங் இடத்தைக் காட்டினான், அந்த நகத்தால். பெரியப்பா என்னை நல்ல பெண் என்றார். துப்பல், ஜாடி, துண்டு எல்லாவற்றையும்விட எனக்கு என் கையைப் பார்த்துத்தான் அருவருப்பாக இருந்தது. எத்தனை கழுவியும் விரலிடுக்கில் சிவப்பு போகவில்லை.

தாத்தாவுக்கு உங்கள் சார்பில் சாராயம் ஊற்றியது குவோதோங். மகன் வழிப் பேரன்தானே ஊற்ற வேண்டும்.

ஷென்ஜென்னுக்கு இன்று தபால் நிலையத் தொலைபேசியில் பேசிவிட்டேன். இன்னும் அந்த இடம் காலியாக இருக்கிறதாம். இங்கிருந்து நேராகப் போகிறேன். துணிமணிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உங்களுக்கு மகன் இருக்கிறான், மருந்துச் சாராயம் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது என்று அவனுக்குச் சொல்லுங்கள். கொதிக்க விடக் கூடாது.

ரூயிங்


வூஹான்
12 செப்டம்பர் 1993

என் ரூயிங்குக்கு,

நீ போன பிறகு நான் எழுதும் நான்காவது கடிதம் இது. முன்னவை கிடைத்தனவா என்று கேட்கவில்லை. கிடைத்திருக்கும்.

சென்ற ஞாயிறு குவோதோங் புத்தகத்தைக் கொண்டுவந்தான். நீல அட்டை. இரண்டு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டான். அறைகளைச் சுற்றிப் பார்த்தான், உன் அறையில் வெளிச்சம் நன்றாக வருகிறது என்றான். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டான், பதில் சொல்வதற்குள் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டான். மேசையடியில் விதைத் தோல் கிடந்தது. நீ எழுதியதைப் படித்துச் சிரித்தவன் நான். குனிய முடியாமல் குனிந்து அதைப் பொறுக்கும்போது எனக்கும் குமட்டியது.

என் பக்கத்தைத் திறந்தேன். அந்த வார்த்தை இல்லை. அது இல்லாவிட்டால் நிம்மதி வரும் என்று வருடக்கணக்காக நினைத்திருந்தேன். வரவில்லை, மகளே. உன்னிடம் மறைத்தது தப்பு. அவனை மகன் என்று எழுதியது அதைவிடத் தப்பு.

உன் பெயரை நானே தூரிகையால் எழுதினேன். இடமில்லை, எல்லாம் நெருக்கமாக அச்சடித்திருக்கிறார்கள். மை பரவி, குவோதோங்கின் பெயர் பாதி மறைந்துவிட்டது. நான் துடைக்கவில்லை.

முத்திரை உன்னிடமே இருக்கிறது. அனுப்ப வேண்டாம், வைத்துக்கொள். ஆனால் ரசீதில் அதைக் குத்தாமல் தபால்காரர் எனக்குப் பதிவுத் தபால் தருவதில்லை. அதனால் எழுதினால் சாதாரணத் தபாலில் எழுது.

உன் அப்பா