விபத்து இல்லாத விமானம்

தோஸ்து,

நேற்று நம் விமானத்துக்குள் மறுபடி ஏறினேன். கதவைத் திறந்ததும் பழைய எஞ்சின் எண்ணெயும் வெயிலில் வெந்த ரெக்சினும் கலந்த வாசனை முகத்தில் அடித்தது. நீ போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. ஆனாலும் சட்டென்று திரும்பிப் பார்த்தேன்.

எண்ணூர் போகும் வழியில் ஒரு கல்லூரி அதை வாங்கி வளாகத்தில் நிறுத்தியிருக்கிறது. அதன் வரலாற்றைப் பலகையில் எழுதவேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். முதலில் மதுரைக்கும் விஜயவாடாவுக்கும் பயணிகள். ஜெட் விமானங்கள் வந்தபின் இருக்கைகளைக் கழற்றிவிட்டுப் பார்சல். கடைசியில் விமானிகளுக்குப் பயிற்சி. அத்தனை காலமும் நாம் இருவரும் மெக்கானிக்குகள். எல்லாம் சொன்னேன்.

"விபத்து ஏதாவது?" என்றார் பேராசிரியர்.

"ஒன்றுகூட இல்லை" என்றேன். சொல்லும்போதே அந்த மே மாதக் காலை நினைவுக்கு வந்துவிட்டது.

பயணிகள் ஏறத் தயாராக நின்றார்கள். நீ இடது எஞ்சினுக்கு அடியில் கையை விட்டுத் தடவினாய். விரலில் புது எண்ணெய். "இது போவாது சார். தொறந்து பாக்கணும்" என்றாய். அதிகாரி கத்தினார். நீ அசையவில்லை. அவர் விமானம் பறக்கலாம் என்று ஒப்புக்கொள்ளும் படிவத்தை என்னிடம் நீட்டினார்: "உங்களுக்கும் லைசென்ஸ் இருக்கே, நீங்க கையெழுத்து போடுங்க."

நான் பேனாவைத் திறந்துவிட்டேன். உனக்குத் தெரியும்.

"போடு மாமு," என்றாய் மெதுவாக. "போட்டுட்டு நீயும் அதுல ஏறி குந்திக்கோ."

பேனாவை மூடிவிட்டேன். அன்றைய பயணம் ரத்து. உனக்கு மெமோ வந்தது. மாலையில் எஞ்சினைத் திறந்தபோது எண்ணெய்க் குழாயில் முடியளவு விரிசல். மெமோவைக் கொடுத்தவரே வந்து அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். உன் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் சோதனைப் பறப்புக்குக் கேப்டன் நம்மையும் ஏற்றிக்கொண்டார். அத்தனை வருஷம் விமானத்தைத் துடைத்தோமே, அதுவரை பறந்ததில்லை. கிளம்பும்போது என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாய். துறைமுகம் தெரிந்ததும் விட்டுவிட்டு ஜன்னலில் ஒட்டிக்கொண்டாய். ராயபுரத்துப் படகுகள் அரிசி மாதிரிக் கிடந்தன.

"தண்டையார்பேட்ட எதுபா? என் வூடு எங்க கீது?"

எல்லா மொட்டைமாடியும் ஒன்றாகத்தான் இருந்தது. நீயோ ஏதோ ஒன்றைப் பார்த்துக் கையை ஆட்டினாய். சாயங்காலம் உன் மனைவியிடம், "நான் மேலேர்ந்து கை ஆட்டுனத பாத்தியா?" என்று கேட்டாயாம். "துணி காயப்போட்டுகினு இருந்தேன்" என்றாராம் அவர். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

இப்போது மாதவரத்தில் எங்கள் குடியிருப்புக்கு நான்தான் செயலாளர். போன வாரம் லிஃப்ட் பழுதுபார்த்தவர், எல்லாம் சரியாக இருக்கிறது, கையெழுத்துப் போடுங்கள் என்றார். நான்கு மாடியும் படியேறி, மோட்டார் அறையைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். பிறகு அவரோடு அதே லிஃப்டில் இறங்கிவந்துதான் போட்டேன். இன்னும் முழங்கால் வலிக்கிறது. பரவாயில்லை.