மிச்சத்தையும் எடுத்துவிடச் சொன்னேன்

அன்பு மகள் ஐலாவுக்கு அப்பா எழுதுவது. எலியட் லேக்கில் நானும் அம்மாவும் நலம், என் வலது நுரையீரலில் ஒரு துண்டு குறைவு என்பதைத் தவிர. ஹாலிஃபாக்ஸில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நான் நம்புகிறேன், அம்மா நம்பவில்லை, அதனால் ஏலக்காய் போட்ட புல்லா ரொட்டி பார்சலில் வருகிறது. ஏரி இன்னும் உறையவில்லை, என் சுரங்கக் கூட்டாளி வெய்க்கோ வழக்கம்போலப் படகைக் கரையேற்றாமல் இழுத்தடிக்கிறான்.

சொல்ல வந்தது சர்ஜன் பூலியேவைப் பார்த்த கதை. போன மாதம் கட்டியோடு சின்னத் துண்டு மட்டும் வெட்டி, ஓரமெல்லாம் சுத்தம் என்று வீட்டுக்கு அனுப்பினாரே, நீ சொன்னபடி அந்தத் துண்டை மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்டேன், பார்த்தார்கள். நீ பயந்ததுபோலவே கட்டியைத் தாண்டிக் காற்றுப் பைகளுக்குள் புற்றுச் செல்கள் உதிரியாகக் கிடந்தனவாம். "இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டார். "எம் பொண்ணுதான். நாள் பூரா மைக்ராஸ்கோப்புல இதையேதான் பாக்குறா. இப்படி உதிர்ந்து கெடந்தா, சின்னத் துண்டு மட்டும் எடுத்தவங்களுக்குத்தான் நோய் அதிகமாத் திரும்புதாம்" என்றேன். அவர் நாற்காலியை என் பக்கம் நகர்த்திக்கொண்டார். சனிக்கிழமை சானா நீராவிக் குளியலில் இதை வெய்க்கோவிடம் சொன்னேன் (சூடு குறைந்த கீழ்ப் படியில்தான் உட்கார்ந்தேன், திட்டாதே). நம் ஃபின்லாந்துக்காரர்கள் சொந்தப் பிள்ளையைப் புகழ்ந்தால் கூசிப்போவார்கள், உனக்குத் தெரியும். "மூணு தரம் சொல்லிட்டடா ரெய்னோ, தண்ணிய ஊத்து, கல்லு ஆறுது" என்றான். நான்காம் தரமும் சொன்னேன், அவன் மகன் ஹாக்கி ஆடிய கதையைச் சுரங்க வேலைக்கு நடுவே நான் எத்தனை வருஷம் கேட்டிருப்பேன்.

ஸ்கேன் எடுத்துக் கவனித்துக்கொண்டே வரலாம், இல்லையென்றால் நுரையீரலின் அந்த மடலில் மீதி இருப்பதையும் எடுக்கலாம் என்கிறார் பூலியே. எடுத்தால் மூச்சு குறையும், துடுப்புப் போடுவது கனவுதான். போனில் உன்னைக் கேட்டபோது, "எடுத்துடறது நல்லதுன்னு தோணுதுப்பா. ஆனா திரும்ப வராதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ரெண்டாந்தரம் தொறந்து எடுத்தவங்க கொஞ்சப் பேர்தான், அத வச்சு எதுவும் உறுதியாச் சொல்ல முடியல" என்றாய். ஒன்றையும் நீ மறைக்கவில்லை. பெற்றவனிடம் ஆறுதலுக்கு ஒரு பொய் சொல்வது எவ்வளவு சுலபம். உன்னை நினைத்தால் எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கிறது ஐலா, இதை எழுதும்போதே முகம் சிவக்கிறது, சிவக்கட்டும்.

மிச்சத்தையும் எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். டிசம்பர் முதல் வாரம் ஆபரேஷன். நீ வா, ரிப்போர்ட்டைப் பார்க்க அங்கே ஆள் இருக்கிறார்கள், அம்மா பக்கத்தில் உட்கார்ந்திரு.

உன் கண்ணும் கையும் என்றும் தெளிவாக இருக்கட்டும், எங்கள் ஆசி உனக்கு எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே. அது திரும்பி வந்தாலும், நான் சொல்லித்தானே அப்பா எடுக்கச் சொன்னார் என்று நீ ஒரு நாளும் குமையக் கூடாது. நீ உண்மையைச் சொன்னாய், முடிவெடுத்தது நான்.

உன் அப்பா,
ரெய்னோ காங்காஸ்